தமிழ்ச் சொற்புதிர்: முதல் சொல்லாக எதை இடுவது?

ஆறாம்முயற்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாள்தோறும் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லும் தமிழ்க் கட்டப் புதிரை மூன்று மாதங்களாக விளையாடி வருகிறேன். விடையை எட்டும் நாள்களிலும் பெரும்பாலும் ஐந்தாவது அல்லது ஆறாவது வரியில்தான் எட்டுகிறேன் என்பதால் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் இதே வகைப் புதிரான வேர்டிலை (Wordle) 2022 முதல் விளையாடுகிறேன். அதில் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. அங்கே பழகிய வழிகளைத் தமிழில் கையாண்டால் ஏன் வேலை செய்வதில்லை என்பதே என் கேள்வி.

எல்லோரும் ஒரே விதியைப் பேச வேண்டும் என்பதற்காக நான் விளையாடும் பதிப்பின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். விடை நான்கு அல்லது ஐந்து கட்டங்கள். எத்தனை என்பது அன்றன்று திரையில் தெரியும். முயற்சிகள் ஆறு. குறுக்கெழுத்துப் போட்டியில் எண்ணுவதைப் போலவே, உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எழுத்தும் இடமும் சரியாக இருந்தால் பச்சை. அதே எழுத்து வேறு கட்டத்தில் இருந்தால் மஞ்சள். அந்தக் கட்டத்தில் அதே மெய்யின் வரிசை இருந்து உயிர் மட்டும் மாறியிருந்தால் நீலம். இவற்றுள் எதுவும் இல்லை என்றால் கறுப்பு. அதாவது விடையின் முதல் எழுத்து ‘கூ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் கட்டத்தில் ‘க’ இட்டால் அது நீலமாகும்.

முதல் சொல்லாக எதை இடுகிறீர்கள், ஏன் என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

நிரலாளர் எழுதியது:

என் முதல் சொல், ஐந்து கட்டம் என்றால் எப்போதும் ‘கதிரவன்’தான். க, தி, ர, வ, ன் என்ற ஐந்தும் ஐந்து வெவ்வேறு மெய்களின் வரிசைகளைச் சேர்ந்தவை. அந்த ஐந்து மெய்களும் தமிழில் மிகுதியாகப் புழங்குபவை. எந்த எழுத்தையும் இருமுறை சோதித்து வீணாக்காமல் ஐந்து கட்டங்களிலும் புதிய செய்தியைப் பெறுவதே முதல் முயற்சியின் வேலை என்பது வேர்டிலில் நான் கற்றுக்கொண்டது.

ஆங்கில வழி தமிழில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஐந்து கட்டங்களை நிரப்பும் வழிகள் 1 கோடியே 18 லட்சத்துக்குச் சற்று மேல். நம்முடைய 247 எழுத்துகளைக் கொண்டு நிரப்பினால் அது 91,900 கோடியைத் தாண்டிவிடும். அங்கே ‘அடியூ’ (adieu) போன்ற ஒரு சொல்லை இட்டால் ஐந்து உயிர்களில் நான்கைச் சோதித்துவிடலாம் என்பதால் பலர் அதை முதல் வரியில் இடுகிறார்கள். இங்கே சொல்லின் முதல் எழுத்தாக அன்றி உயிர் தனியே நிற்பதில்லை. மெய்யோடு கலந்து ஒரே கட்டத்துக்குள் புகுந்துகொள்கிறது. ஆகவே உயிர்களைச் சோதிப்பது என்ற எண்ணத்துக்கே இங்கு இடமில்லை.

தொடர்புள்ள செய்தி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் யாரோ ஆங்கில நிரலை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொற்பட்டியலை மட்டும் மாற்றிப் போட்ட ஒரு பதிப்பை நான் பார்த்திருக்கிறேன். கணினியில் ‘மின்சாரம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்பது குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அந்தப் பதிப்பில் புள்ளிக்கென்று ஒரு கட்டமும், துணைக்காலுக்கென்று ஒரு கட்டமும் தனியே நின்றதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

---

அச்சுக்கூடத்தார் எழுதியது:

நிரலாளர் தம்பியின் கணக்கு சரியானது. ஆனால் அந்த 91,900 கோடி யாரையும் அச்சுறுத்தத் தேவையில்லை. அதில் மிகப் பெரும்பகுதியைத் தமிழ் இலக்கணமே நமக்காக வெட்டி எறிந்துவிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள் பிழை திருத்துநராக வேலை பார்த்தவன் நான். ஒரு சொல்லில் எந்த எழுத்துக்கு அடுத்து எந்த எழுத்து வராது என்பது கண்ணுக்குப் பழகிப்போனதால்தான் இந்தப் புதிரும் எனக்குக் கைகொடுக்கிறது.

சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னூல் கணக்கின்படி மொழிக்கு முதலாகும் எழுத்துகள் 103 மட்டுமே. உயிர் பன்னிரண்டும் வரும். க, ச, த, ந, ப, ம என்னும் ஆறு வரிசைகளும் முழுமையாக வரும். வகரத்தில் எட்டு, யகரத்தில் ஆறு, ஞகரத்தில் நான்கு, ஙகரத்தில் ஒன்று. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டு வரிசைகளுக்கும் முதல் கட்டத்தில் இடமே இல்லை. புள்ளி வைத்த எழுத்தும் முதல் கட்டத்தில் வராது. மறுபக்கம், தனி உயிர் எழுத்து முதல் கட்டத்தைத் தவிர வேறு எங்கும் வராது. அளபெடை (ஓசையை நீட்டச் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ உயிர் எழுத்தைச் சேர்ப்பது) இருக்கிறதே என்று யாராவது சண்டைக்கு வந்தால், புதிர் அமைப்பவர்கள் அளபெடையை விடையாக வைப்பதில்லை என்று பதில் சொல்லுங்கள்.

இறுதிக் கட்டமும் இப்படியே. வல்லின மெய் ஆறும் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்பதில்லை. ங் என்பதும் நிற்பதில்லை. ஞ், ந், வ் ஆகியவற்றுக்கு இலக்கணம் இடம் கொடுத்தாலும் இன்றைய வழக்கில் அவற்றில் முடியும் சொற்களை நீங்கள் சந்திக்கப் போவதில்லை. எஞ்சுபவை ண், ம், ய், ர், ல், ழ், ள், ன் என்னும் எட்டு. புள்ளியில் முடியாத சொல் என்றால் அது பெரும்பாலும் உகரம், இகரம், ஐகாரம், ஆகாரம் ஆகியவற்றில் முடியும். எகரமும் ஒகரமும் குறிலாக நின்று சொல்லை முடிப்பதில்லை என்பதால், கடைசிக் கட்டத்தில் ‘கெ’, ‘தொ’ என்று யாரும் தேடி அலைய வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான்: முதலில் புள்ளிகளைப் பிடியுங்கள். தொல்காப்பியம் மெய்யெழுத்தைப் புள்ளி என்றே குறிக்கிறது. அதில் ஓர் இயலுக்குப் புள்ளிமயங்கியல் என்றே பெயர். சொல்லில் புள்ளி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், அதன் இரு பக்கமும் நிற்கும் எழுத்துகள் தாமாகவே காட்டிக்கொடுக்கும். ‘கதிரவன்’ என்ற சொல்லில் இடையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதனால்தான் அதை நான் முதல் வரியில் இடுவதில்லை.

---

நிரலாளர் எழுதியது:

ஐயா, வணக்கம். முதல் எழுத்து, இறுதி எழுத்து பற்றிய செய்திகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் இடைப் புள்ளிக்கு இவ்வளவு சிறப்பு ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ‘புத்தகம்’ என்று இட்டால் தகரத்துக்கே இரண்டு கட்டங்கள் செலவாகின்றனவே. அது வீண் அல்லவா?

---

அச்சுக்கூடத்தார் எழுதியது:

கேள்வி நியாயமானது. ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்து யார் வரலாம் என்பதைப் பாருங்கள்.

க், ச், த், ப் என்னும் நான்கும் தம்மைத் தவிர வேறு எவரையும் பக்கத்தில் சேர்க்காதவை. க் வந்தால் அடுத்தது ககர வரிசைதான். த் வந்தால் தகர வரிசைதான். ங் வந்தால் அடுத்தது ககர வரிசை. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ போன்ற ஓரிரண்டு சொற்களை மறந்துவிடலாம். ஞ் வந்தால் சகரம், அரிதாக ‘விஞ்ஞானம்’ போல ஞகரம். ந் வந்தால் தகரம், ‘முந்நூறு’ போன்ற இடங்களில் நகரம். ம் வந்தால் பகரம் அல்லது மகரம். இந்த எட்டுப் புள்ளிகளில் ஏதாவது ஒன்றைப் பச்சையாக்கிவிட்டால், அதற்கு அடுத்த கட்டத்தின் மெய் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

ட், ற் ஆகிய இரண்டும் சற்றுத் தாராளமானவை. தம்மோடும் சேரும் (‘வட்டம்’, ‘வெற்றி’). க, ச, ப வரிசைகளோடும் சேரும் (‘வெட்கம்’, ‘காட்சி’, ‘கற்பனை’). ண், ன், ல், ள், ய் ஆகியவை இன்னும் தாராளம். அவற்றைப் பிடித்தால் பாதி வேலைதான் முடியும். ர், ழ் ஆகிய இரண்டும் ஒருபோதும் இரட்டிப்பதில்லை.

இன்னொரு விதி, எல்லாவற்றையும்விட எனக்கு உதவுவது: இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால், முதலாவது ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ‘வாழ்க்கை’, ‘வளர்ச்சி’, ‘காய்ச்சல்’, ‘தாழ்ப்பாள்’ என்று எண்ணிப் பாருங்கள். ட், ற் ஆகியவற்றை அடுத்து இன்னொரு புள்ளி வரவே வராது. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொள்ளாமல் அச்சுக்கு வந்த கையெழுத்துப் படிகளில் நான் சிவப்பு மையைச் செலவழித்தது கொஞ்சநஞ்சம் அல்ல.

ஆக, ‘புத்தகம்’ என்று இடும்போது த், த என்று இரண்டு கட்டம் செலவாவது உண்மைதான். ஆனால் இரண்டாம் கட்டத்தில் புள்ளி, ஐந்தாம் கட்டத்தில் ம் என்ற ஒரு வார்ப்பையே நான் சோதிக்கிறேன். தமிழ்ப் பெயர்ச்சொற்களில் மகர மெய்யில் முடிபவை மிகுதி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ம் பச்சையானால் நல்லது. கறுப்பானால் விடையில் எங்குமே ம் இல்லை என்று தெரிகிறது, அதுவும் நல்லதுதான்.

---

வகுப்பறை எழுதியது:

நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. ஐயா குறிப்பிட்ட மெய்ம்மயக்க விதிகளை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தப் புதிரைக் கரும்பலகையில் வரைந்துதான் நடத்துகிறேன். நூற்பாவைச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளைகள், கட்டம் போட்டு “ங் கிடைத்திருக்கிறது, அடுத்தது என்ன?” என்று கேட்டால் கூட்டமாகக் கத்துகிறார்கள்.

வார்ப்பு என்று ஐயா சொன்னதைப் பிள்ளைகளுக்கு எளிதாக்குவதற்காக நான் எலும்புக்கூடு என்று சொல்வேன். ஐந்து கட்டச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஐந்து எலும்புக்கூடுகள்தாம். இரண்டாம் கட்டத்தில் புள்ளி வருவது ‘புத்தகம்’, ‘மண்டபம்’, ‘சந்தனம்’. மூன்றாம் கட்டத்தில் வருவது ‘விருப்பம்’, ‘வழக்கம்’, ‘கடற்கரை’ போன்றதில் சற்றுத் தள்ளி வேறு மாதிரி நிற்கும். இரண்டிலும் நான்கிலும் வருவது ‘சுண்ணாம்பு’, ‘பல்லக்கு’, ‘பொன்வண்டு’. இரண்டு புள்ளிகள் ஒட்டி வருவது ‘மகிழ்ச்சி’, ‘அதிர்ச்சி’. இடையில் புள்ளியே இல்லாதது நிரலாளர் விரும்பும் ‘கதிரவன்’.

---

நிரலாளர் எழுதியது:

அம்மா, ‘கடற்கரை’யிலும் மூன்றாம் கட்டத்தில்தானே புள்ளி நிற்கிறது? க, ட, ற், க, ரை.

---

வகுப்பறை எழுதியது:

ஆம், தம்பி. பிழை என்னுடையதே, ‘கடற்கரை’ மூன்றாம் கட்டக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ‘வழக்கம்’ போல இரட்டிக்கவில்லை என்பதைச் சொல்ல வந்து வாக்கியத்தைக் குழப்பிவிட்டேன். என் மாணவர்கள் யாரும் இந்த இழையைப் படிக்கவில்லை என்று நம்புகிறேன்.

---

ஆறாம்முயற்சி எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி. சென்ற வாரம் நான் பட்ட பாட்டை இங்கே பதிகிறேன். எங்கே தவறினேன் என்று யாராவது சொல்லுங்கள்.

ஐந்து கட்டம். முதலில் நிரலாளர் வழியில் ‘கதிரவன்’ இட்டேன். க நீலம், மற்ற நான்கும் கறுப்பு. ஆகவே விடை ககர வரிசையில் தொடங்குகிறது, ஆனால் ‘க’ அல்ல என்று தெரிந்தது. அடுத்து ‘காப்பியம்’. கா பச்சையானது, மகிழ்ச்சி. ப், பி, ய, ம் நான்கும் கறுப்பு. மூன்றாவதாக ‘காலண்டர்’ இட்டேன். அதைப் பட்டியல் ஏற்றுக்கொண்டதே எனக்கு வியப்பு. கா தவிர எல்லாம் கறுப்பு. நான்காவதாக ‘காட்டெருமை’. மறுபடியும் கா மட்டும்.

இப்போது நான் ஒரு தாளை எடுத்து இல்லாத மெய்களை எல்லாம் அடித்தேன்: த, ர, வ, ன, ப, ய, ம, ல, ண, ட. எஞ்சிய மெய்களைக் கொண்டு ‘கா’வில் தொடங்கும் ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. மதிய உணவு இடைவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் பொறுமை இழந்து, அடித்த மெய்களைப் பொருட்படுத்தாமல் ‘காய்த்தல்’ என்று இட்டேன். கா, ய், ல் மூன்றும் பச்சை! ஆறாவது முயற்சியில் ‘காய்ச்சல்’ என்று எழுதித் தப்பித்தேன். இல்லை என்று காட்டப்பட்ட யகரமும் லகரமும் எப்படி விடைக்குள் வந்தன? இது நிரலின் பிழையா?

---

நிரலாளர் எழுதியது:

நிரலில் பிழை இல்லை. விதியை நீங்களே முதல் இடுகையில் சரியாக எழுதியிருக்கிறீர்கள், விளையாடும்போதுதான் மறந்துவிட்டீர்கள். கறுப்பு என்பதன் பொருள் இரண்டே இரண்டுதான்: நீங்கள் இட்ட அந்த முழு எழுத்து விடையில் எங்கும் இல்லை, அந்த ஒரு கட்டத்தில் அந்த மெய்யின் வரிசை இல்லை. ‘காப்பியம்’ என்ற சொல்லின் நான்காம் கட்டத்தில் நீங்கள் இட்ட ‘ய’ கறுப்பானதால் விடையில் ‘ய’ இல்லை என்றும், நான்காம் கட்டத்தில் யகர வரிசை இல்லை என்றும் மட்டுமே தெரிகிறது. இரண்டாம் கட்டத்தில் ‘ய்’ நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ‘காலண்டர்’ என்பதில் இட்ட ‘ல’வும் அப்படியே, ஐந்தாம் கட்டத்து ‘ல்’லை அது தொடவே இல்லை.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கறுப்பானால் அதை முழுமையாக மறந்துவிடலாம். (ஒரே எழுத்தை இருமுறை இட்டு, விடையில் ஒன்று மட்டும் இருந்தால், இரண்டாவது கறுப்பாகும் என்பது ஒன்றே விலக்கு.) அந்தப் பழக்கம்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. தாளில் மெய்களை அடிப்பதை விட்டுவிட்டு, ஐந்து கட்டம் வரைந்து ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் அங்கே வரக்கூடாத வரிசைகளை எழுதிப் பாருங்கள்.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறைக்கிறது. என் ‘கதிரவன்’ உத்தியின் அடிப்படை, ஐந்து மெய்களை ஒரே வரியில் சோதிக்கலாம் என்பது. உண்மையில் அது ஐந்து மெய்களை அல்ல, ஐந்து இடங்களில் ஐந்து வரிசைகளைத்தான் சோதிக்கிறது. க, தி, ர, வ என்ற உயிர்மெய்கள் கறுப்பாகும்போது கிடைக்கும் செய்தி நான் நினைத்ததைவிட மிகக் குறைவு. ஆனால் ‘ன்’ கறுப்பானால் அந்த எழுத்து எங்கும் இல்லை. புள்ளி எழுத்துகள் மொத்தமே பதினெட்டுதான் என்பதால் அந்த இழப்பு பெரிய செய்தி. ஐயா சொன்னதன் பொருள் இப்போதுதான் கணக்காகப் புரிகிறது.

---

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம். இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன். உங்கள் விதிகள் எல்லாம் மெத்தச் சரி, ஆனால் அவை எங்களுக்கு இன்னொரு வகையில் இடைஞ்சல் தருகின்றன. நாங்கள் பிறமொழிச் சொற்களை எழுதும் முறையே வேறு. தமிழ்நாட்டில் ‘கிரிக்கெட்’ என்று எழுதுவதை எங்கள் பத்திரிகைகள் ‘கிரிக்கெற்’ என்று எழுதும். ‘றேடியோ’ என்று றகரத்திலேயே சொல்லைத் தொடங்குவோம். நன்னூலார் இரண்டையும் ஏற்கமாட்டார் என்பது வேறு கதை.

இந்தப் புதிரில் எனக்குப் பலமுறை நடந்தது: ‘கடதாசி’ என்று நான்கு கட்டத்தில் இட்டால் அப்படி ஒரு சொல் பட்டியலில் இல்லை என்கிறது. ‘அலுமாரி’ என்று இட்டால் இல்லை. ‘அலமாரி’ என்றால்தான் ஏற்கிறது. போர்த்துக்கேயரிடம் இருந்து இரு கரைக்கும் வந்த ஒரே சொல், உகரம் ஒன்றால் தள்ளுபடியாகிறது. ஆகவே ஈழத்து வாசகர்களுக்கு என் உத்தி: உங்கள் வீட்டுச் சொல் முதலில் நினைவுக்கு வந்தால், தமிழ்நாட்டில் அதை எப்படி எழுதுவார்கள் என்று ஒருமுறை யோசித்துவிட்டு இடுங்கள். ஏற்கப்படாத சொல்லுக்கு முயற்சி ஒன்று கழிவதில்லை என்பதால் இழப்பு ஒன்றும் இல்லை, மனவருத்தம் மட்டும்தான்.

---

அச்சுக்கூடத்தார் எழுதியது:

வருத்தம் நியாயமானது. பட்டியலைத் தொகுப்பவர்கள் இரு கரை வழக்கையும் சேர்ப்பதே முறை. ‘லட்டு’, ‘இலட்டு’ ஆகிய இரண்டில் எது விடையாக வரும் என்று எங்களுக்கும் தெரிவதில்லை. என் அனுபவத்தில், ர, ல ஆகியவற்றில் தொடங்கும் சொல் என்று சந்தேகம் வந்தால் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். முன்னே இகரம் சேர்த்தால் எண்ணிக்கை பொருந்துகிறதா என்பதே முதல் சோதனை. கிரந்த எழுத்து வந்துவிட்டால் நான் சொன்ன மெய்ம்மயக்க விதிகள் எல்லாம் செல்லாக்காசு. ‘கஷ்டம்’ என்பதில் ஷ் அடுத்து டகரம் நிற்கிறது. அதற்கு எந்த நூற்பாவும் துணைக்கு வராது.

---

குறில் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். நேற்று முன்தினம் இரண்டாவது முயற்சியிலேயே இரண்டு, மூன்று, நான்காம் கட்டங்கள் பச்சையாகிவிட்டன: ட், ட, ம். முதல் எழுத்து மட்டும் பாக்கி. ‘பட்டம்’, ‘மட்டம்’, ‘தோட்டம்’, ‘கூட்டம்’ என்று ஒவ்வொன்றாக இட்டு ஆறும் தீர்ந்துபோயின. விடை ‘வாட்டம்’. பெயருக்கு ஏற்றாற்போல் என் முகமும் ஆகிவிட்டது. இத்தகைய நிலையில் என்ன செய்வது?

---

அச்சுக்கூடத்தார் எழுதியது:

இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி இது. ‘ட்டம்’ என்று முடியும் நான்கெழுத்துச் சொற்களை உட்கார்ந்து எழுதினால் பதினைந்தைத் தாண்டுகிறது: ஆட்டம், ஓட்டம், ஊட்டம், கட்டம், கூட்டம், சட்டம், திட்டம், தோட்டம், நாட்டம், பட்டம், மட்டம், மூட்டம், வட்டம், வாட்டம், விட்டம், நட்டம். ஒவ்வொன்றாக இடுவது சீட்டுக் குலுக்குவதற்குச் சமம்.

இங்கே விடையாக இருக்கவே முடியாத ஒரு சொல்லை வேண்டுமென்றே இட வேண்டும். நான் இடுவது ‘வாசகம்’. அதன் எழுத்துகள் வா, ச, க, ம். வா பச்சையானால் விடை ‘வாட்டம்’. வா நீலமானால் வகர வரிசையில் வேறு உயிர். ‘வட்டம்’ அல்லது ‘விட்டம்’. ச மஞ்சளானால் ‘சட்டம்’. க மஞ்சளானால் ‘கட்டம்’. எல்லாம் கறுப்பானால் (ம் எப்படியும் பச்சைதான்) ஐந்து சொற்கள் ஒரே வரியில் விலகிவிட்டன. அப்போது அடுத்த வரியில் ‘திவசம்’ இடலாம். தி பச்சையானால் ‘திட்டம்’, நீலமானால் ‘தோட்டம்’. காலையில் எழுந்ததும் திவசம் என்று எழுதுவது என் மனைவிக்குப் பிடிப்பதில்லை. அவளுக்காக நான் ‘திரவம்’ இடுவேன், அதே வேலையைச் செய்யும்.

ட், ட, ம் மூன்றும் கிடைத்துவிட்டனவே, அவற்றைக் கைவிடுவதா என்று கை தயங்கும். கிடைத்ததை யாரும் பறித்துக்கொள்ளப் போவதில்லை. அடுத்த வரியில் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

---

நிரலாளர் எழுதியது:

ஐயா, உங்கள் ‘வாசகம்’ என்பதைக் காகிதத்தில் சோதித்துப் பார்த்தேன். இதைவிடப் பிரிக்கும் நான்கெழுத்துச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கிடைத்த எழுத்துகளை அடுத்த வரியிலும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற கடின முறையில் விளையாடுபவர்களுக்கு இந்த வழி மூடியிருக்கிறது. வேர்டிலிலும் அந்த முறை உண்டு. கடின முறையில் விளையாடுபவர்கள் ‘ட்டம்’ போன்ற வாலில் அகப்படாமல் தொடக்கத்திலேயே விலகி நடக்க வேண்டும். அதாவது ட், ம் இரண்டையும் ஒரே முதல் சொல்லில் சோதிக்காமல் இருப்பது நல்லது.

என் முதல் சொல்லையும் மாற்றிக்கொண்டேன். இப்போது ஐந்து கட்டத்துக்கு முதலில் ‘மண்டபம்’, இரண்டாவதாக நிலையைப் பொறுத்துக் ‘கதிரவன்’. முழுமையாகக் கைவிட மனம் வரவில்லை.

---

வகுப்பறை எழுதியது:

சிறு சேர்க்கை ஒன்று. ந, ன இரண்டில் எது என்று தடுமாறி ஒரு முயற்சியை இழப்பவர்கள் பலர். சொல்லின் முதல் கட்டம் என்றால் ந. தகரத்துக்கு முன் புள்ளியோடு நின்றால் ந். இந்த இரண்டு இடங்களைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ன, அல்லது ண. றகரத்துக்கு முன் ன், டகரத்துக்கு முன் ண் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் ‘கன்று’, ‘கண்டு’ என்று குழம்ப வேண்டியதில்லை. ல, ள, ழ மயக்கத்துக்கு மட்டும் குறுக்குவழி எதுவும் என்னிடம் இல்லை. படித்துப் பழக வேண்டியதுதான்.

---

ஆறாம்முயற்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றைய புதிரை உங்கள் வழியில் விளையாடிய விவரத்தை எழுதுகிறேன். நாள் கடந்துவிட்டதால் விடையைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

நான்கு கட்டம். முதலில் இரண்டு புள்ளிகளைச் சோதிப்பதற்காகப் ‘பந்தல்’ இட்டேன்; நான்கும் கறுப்பு. இரண்டாவது ‘மருந்து’. ம நீலம், மற்றவை கறுப்பு. ந் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்திருந்தும் மறுபடி இட்டது என் கவனக்குறைவு. மூன்றாவது ‘முறுக்கு’. மு பச்சை, மற்றவை கறுப்பு. இந்த முறை றகரத்தை நான் தாளில் அடிக்கவில்லை. ‘று’ இல்லை, இரண்டாம் கட்டத்தில் றகர வரிசை இல்லை, அவ்வளவுதான் என்று கட்டத்துக்குக் கீழே எழுதி வைத்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலேயே விடை என் மனத்தில் தோன்றிவிட்டது. ஆனால் விரலால் எண்ணிப் பார்த்தபோது அந்தச் சொல்லுக்கு ஐந்து கட்டங்கள் தேவைப்பட்டன, இருந்ததோ நான்கு. ஆகவே அதைத் தள்ளிவிட்டு ‘முகவரி’ என்று இட்டு ஒரு வரியை இழந்தேன். அதன் பிறகுதான் ட், ற் ஆகியவற்றை அடுத்து இன்னொரு புள்ளி வராது என்று ஐயா எழுதியது நினைவுக்கு வந்தது. மு, ய, ற், சி. நான் இத்தனை காலமும் நடுவில் ஒரு ‘ச்’ சேர்த்தே எழுதி வந்திருக்கிறேன்.

ஐந்தாவது வரியில் நான்கும் பச்சையாயின. அலுவலகத்தில் நான் அனுப்பிய எத்தனை கடிதங்களில் ‘முயற்சி’ ஐந்து எழுத்தாகப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இந்த இழையில் என் பெயரில் அந்தச் சொல் சரியாக இருப்பது எப்படி என்றால், பதிவு செய்யும்போது கைப்பேசியே தானாகத் திருத்தியிருக்க வேண்டும்.